ஊசலை ஆட்டிப் பார்க்கும் பெண்ணை எங்கே சேர்ப்பது?

சென்ற வாரம் உங்கள் மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க நீங்கள் மூவரும் என்னிடம் வந்தபோது பாதி நேரம் பேசியது நீங்களும் இல்லை, அவளும் இல்லை. தொலைபேசியில் இருந்த உங்கள் மைத்துனர்தான். கம்ப்யூட்டர் சயன்ஸைத் தவிர எதில் சேர்த்தாலும் பிள்ளை வீணாகிவிடும் என்றார். அறிமுகமில்லாத ஒரு கல்லூரியில் அந்த இடத்தை வாங்க வீட்டை அடமானம் வைக்கலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். அப்போது பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். இப்போது சொல்கிறேன்: வைக்காதீர்கள்.

அந்தப் படிப்பு மோசமானது என்று நான் சொல்லவில்லை. நிரல் எழுதுவதில் உங்கள் மகளுக்கு ஒட்டுதலே இல்லை. ஒட்டுதல் இல்லாத பிள்ளையை நான்காண்டுகள் கடனில் படிக்கவைத்தால், கடைசியில் கடன் மட்டும் உறுதியாக நிற்கும். வேலை ஓராண்டு தாமதமானாலும் தவணை கட்ட முடியுமா? முடியாதென்றால் அந்தத் தொகையை வாங்கவே கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நீங்கள் "விளையாட்டு" என்று ஒதுக்கிய அந்த நோட்டை நான் வாங்கிப் பார்த்தேன். ஒரு மீட்டர் நூலில் சிறு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, பத்துப் பத்து அலைவுகளாக நேரம் எடுத்திருக்கிறாள். சிறிதாக ஆட்டினால் 20 வினாடி. 60 டிகிரி வரை இழுத்து விட்டால் அதைவிட ஒரு வினாடிக்கு மேல் கூடுதல். "அலைவுக்காலம் வீச்சைப் பொறுத்ததில்லை என்று படித்தேன், பிறகு ஏன் மாறுகிறது?" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். அலைவுக்காலம் என்பது ஊசல் ஒருமுறை போய்வர ஆகும் நேரம், வீச்சு என்பது நடுவிலிருந்து அது விலகும் அதிகபட்ச அளவு. மிகச் சரியான கேள்வி. சிறு கோணங்களில் மட்டுமே மீள்விசை, அதாவது ஊசலை நடுவுக்குத் திருப்பி இழுக்கும் விசை, இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அப்போதுதான் அது தனிச்சீரிசை இயக்கம். கோணம் பெரிதானால் அந்த விகிதத்துக்கு மீள்விசை ஈடுகொடுக்காது, ஊசல் பின்தங்கும். பலரும் மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் வரியை இவள் சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

இந்தக் குணத்தைத் தேடும் தொழில் ஒன்று இருக்கிறது: இயந்திர அதிர்வுப் பகுப்பாய்வு. உறவினர்கள் யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், பெயர்ப்பலகையில் பளபளக்கும் பட்டம் அல்ல அது.

நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும் ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 25 சுற்று. அதன் உடலில் விரல்நுனி அளவுள்ள முடுக்கமானியை (முடுக்கத்தை அளக்கும் கருவி) ஒட்டி அதிர்வைப் பதிவு செய்து, அதிலுள்ள அதிர்வெண்களைக் கணினியில் பிரித்துப் பார்ப்பார்கள். 25 ஹெர்ட்ஸில் உயர்ந்த முகடு எழுந்தால் சுழலும் பாகம் எடைச் சமநிலை இழந்திருக்கலாம். 50-இல் எழுந்தால் மோட்டாரின் தண்டும் அது சுழற்றும் இயந்திரத்தின் தண்டும் ஒரே கோட்டில் இல்லையோ என்று சந்தேகிப்பார்கள். 25-இன் முழு மடங்காக வராத ஓர் இடத்தில் முகடு தெரிந்தால் பேரிங்கின் உள்ளே பார்க்க வேண்டும்: ஓடுபாதையில் விழுந்த சிறு குழியை ஒவ்வொரு குண்டும் தட்டிவிட்டுப் போகிறது. இயந்திரம் நின்று போவதற்குப் பல வாரங்களுக்கு முன்பேகூட இது தெரிந்துவிடும்.

எப்படி முன்கூட்டியே தெரிகிறது? உங்கள் மகளின் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது. தனிச்சீரிசை இயக்கத்தில் முடுக்கத்தின் உச்சம், வீச்சை கோண அதிர்வெண்ணின் (அதிர்வெண்ணை 2π-ஆல் பெருக்கியது) வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. அதே வீச்சில் அதிர்வெண் பத்து மடங்கானால் முடுக்கம் நூறு மடங்கு. கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் வேகமாக நடுங்கினால் கருவியில் பெரிதாக விழும். நான் இதைச் சொன்னபோது அவள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள், கவனித்தீர்களா?

மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, கப்பல், காற்றாலை என்று சுழலும் எதற்கும் இந்த ஆட்கள் தேவை. ஐஎஸ்ஓ 18436-2 என்ற சர்வதேசத் தரம் இவர்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, அனுபவம், தேர்வு உண்டு. வேலையில் இருந்துகொண்டே ஏறலாம். கட்டடம், பாலம் பக்கமும் கதவு திறந்திருக்கிறது. லண்டன் மில்லேனியம் பாலம் 2000 ஜூனில் திறந்த இரண்டே நாளில் பக்கவாட்டில் ஆடியதால் மூடப்பட்டது. அதிர்வு தணிப்பான்களைப் பொருத்தி 2002-இல்தான் மீண்டும் திறந்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர்களும் ஒரு காலத்தில் சுருள்வில்லையும் ஊசலையும் படித்தவர்கள்தான்.

ஆகவே, கடனில்லாமல் கட்டணம் கட்டக்கூடிய கல்லூரியில் இயந்திரப் பொறியியலோ இயற்பியலோ சேருங்கள். பட்டியலில் மேலே இருக்கிறதா என்பதைவிட ஆய்வகத்தில் மாணவர்களே கருவியைத் தொட விடுகிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். வகைக்கெழுச் சமன்பாடுகளில் இவள் சற்றுத் திணறுகிறாள், அதை ஒளிக்க வேண்டாம். இந்தத் தொழிலுக்கு அது இல்லாமல் முடியாது. விடுமுறையில் தினமும் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கட்டும்.

மைத்துனரிடம் நானே பேசுகிறேன். அடுத்த முறை வரும்போது அடமானப் பத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு, அந்த நோட்டை மட்டும் எடுத்துவாருங்கள். 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் அளவெடுத்து வரச்சொல்லியிருக்கிறேன்.