ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசும் அமெச்சூர் சேவை) லைசன்ஸ் இருக்கிறது, செட் இருக்கிறது, பேச ஆள்தான் இல்லை. என்ன செய்யலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னவை: லைசன்ஸ் எடுத்து எட்டு மாதம், வீடு நுவரெலியாவில், கையில் ஒரு சின்ன 2 மீற்றர் செட். கூப்பிட்டால் பதில் வருவதில்லை. எப்போதாவது ஒருவர் கிடைத்தாலும் "ஃபைவ் நைன், 73" (சிக்னல் நன்றாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டும் விடைபெறும் வாழ்த்தும்) என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். செட் அலுமாரிக்குள் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

அலுமாரிக்குள் வைக்காதீர்கள். நான் அப்புத்தளைப் பக்கத் தோட்டத்துக்காரன். லைசன்ஸ் எடுத்து 13 வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் நானும் இதே நிலையில்தான் இருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் முதல் பிரச்சினை மனிதர்கள் அல்ல, மலை. 144 முதல் 146 மெகாஹேர்ட்ஸ் வரையான 2 மீற்றர் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் அங்கேயே முடிந்துவிடும். நுவரெலியா நகரமோ பிதுருதலாகலையின் அடிவாரத்தில், சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. வீட்டு வாசலில் நின்று 5 வொட்டில் கூப்பிட்டால் எதிர் மலைக்குத்தான் கேட்கும். நானும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று மாதக் கணக்கில் கூப்பிட்டேன். ஒரு நாள் அதே செட்டை எடுத்துக்கொண்டு அப்புத்தளை முகட்டுக்கு நடந்தேன். அங்கே உயரம் 1,400 மீற்றருக்குக் கிட்ட, தெற்குப் பக்கம் முழுக்கத் திறந்த வெளி. அந்த உயரத்தில் ரேடியோ அலைக்குத் தொடுவானம் சுமார் 150 கிலோமீற்றர். தென்கரை வீதியில் காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் நிற்பவர் மாதிரி பதில் சொன்னார். எனக்குக் கை நடுங்கியது.

ஆனால் தினமும் முகடு ஏற முடியாது. உங்களுக்குத் தேவை 40 மீற்றர் அலைவரிசை, அதாவது 7 மெகாஹேர்ட்ஸ். உங்கள் லைசன்ஸ் வகுப்புக்கு அங்கே அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த வகுப்புப் பரீட்சைக்கு இன்றைக்கே படிக்கத் தொடங்குங்கள். அந்த உழைப்பு வீண் போகாது. அன்டெனாவுக்குப் பெரிய செலவும் இல்லை. 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் டைப்போல் (நடுவில் இணைப்புக் கொடுத்து இரு பக்கமும் இழுத்துக் கட்டும் அன்டெனா) வயரின் மொத்த நீளம் மீற்றரில் கிடைக்கும். 7.1க்கு 20 மீற்றர் சொச்சம், பக்கத்துக்குப் பத்து. நான் இரண்டு சவுக்கு மரத்துக்கு நடுவே, தேயிலைக்கு மேலே ஆறு மீற்றர் உயரத்தில் கட்டியிருக்கிறேன். "இவ்வளவு தாழ்வாகவா?" என்று கேட்பார்கள். மலைநாட்டுக்குத் தாழ்வுதான் வேண்டும். தாழக் கட்டிய வயர் அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அது 300 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள, ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் அயன மண்டல அடுக்கில் பட்டு, குடை விரித்த மாதிரி சுற்றிலும் இறங்கும். இடையில் எத்தனை மலை நின்றாலும் அதற்குக் கவலையில்லை. பகலில் கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எல்லாம் அந்தக் குடைக்குள்தான். மதுரை, திருச்சிப் பக்கமும் வரும்.

இனி பேச்சு. நான் சொல்ல விரும்புவதே இதைத்தான்.

ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பிடித்தது காலை ஆறரை, தோட்டத்தில் ஆட்கள் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) போகும் வேளை. நமக்கும் இந்தியாவுக்கும் மணி ஒன்றுதான், அதனால் அந்தப் பக்கமும் ஆறரை. தமிழ்நாட்டு நண்பர்கள் தேநீரோடு உட்கார்ந்து தமிழில் பேசிக்கொண்டிருப்பார்கள். முதல் இரண்டு வாரம் நான் மைக்கைத் தொடவேயில்லை. யார் யாரோடு பேசுகிறார், யாருக்கு முழங்கால் வலி, யார் புது அன்டெனா கட்டுகிறார் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாள் இருவர் பேச்சுக்கு நடுவே இடைவெளி வந்தபோது என் கோல் சைனை (லைசன்ஸோடு தரப்படும் அடையாளக் குறி, இலங்கையில் 4S7 என்று தொடங்கும்) மட்டும் ஒரு முறை சொன்னேன். "யாரோ ஃபோர் எஸ் செவன் கூப்பிடுறாங்க, எல்லாரும் கொஞ்சம் நில்லுங்க" என்றார் ஒருவர். தெரியாத வீட்டுக்குள் போய்ப் பாய் போட்டு உட்காரவைக்கப்பட்ட மாதிரி இருந்தது.

ரிப்போர்ட் கொடுத்து முடித்ததும் அடுத்து என்ன பேசுவது என்றுதான் எல்லாரும் தடுமாறுகிறோம். அரசியல், மதம், வியாபாரம் பக்கம் போகக் கூடாது. அமெச்சூர் சேவை சார்ந்த விஷயமும் சொந்தப் பேச்சும் மட்டுமே என்பது சர்வதேச விதி. ஆனால் சொந்தப் பேச்சு என்பது சின்ன உலகமா? நான் அன்றைக்குச் சொன்னது ஒரே வரி: "இங்க ஒரே பனிங்க, எதிர் மலை தெரியல, கொழுந்து எடுக்கப் போறவங்க சாக்கு கட்டிக்கிட்டு நிக்கிறாங்க."

கோத்தகிரியில் இருந்து ஒரு பெரியவர் சட்டென்று உள்ளே வந்தார். "தம்பி, எந்தத் தோட்டம்?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டுமே கேட்டது. பிறகு, "நான் அந்த லயத்துல பொறந்தவன்பா" என்றார்.

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம் மலைநாட்டுத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படித் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்போது அவருக்கு ஒன்பது வயது. ஒப்பந்தத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டது இதுதான்: "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால ஒரு பீலி இருக்குமே, தண்ணி இன்னும் வருதா?"

எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குப் பாத்துச் சொல்றேங்கய்யா" என்றேன். பீலி என்றால் ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய். அன்று மாலை வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன். மூங்கில் போய் பிளாஸ்டிக் குழாய் வந்திருந்தது. தண்ணீர் மட்டும் அதே பாறையிலிருந்து விழுந்துகொண்டிருந்தது. மறுநாள் ஆறரைக்கு அவர் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, அடுத்து பாடசாலைக்குப் பக்கத்து மரத்தைப் பற்றிக் கேட்டார். வெயில் ஏற ஏற, 700 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் அவர் குரல் மெலிந்து போகும். அதற்குள் அடுத்த நாளுக்கு ஒரு கேள்வி கொடுத்துவிடுவார். இப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது.

பேச்சை எப்படித் தொடர்வது என்பதை அவரிடம்தான் கற்றேன். ஒவ்வொரு பேச்சிலும் ஒரு வேலையை மிச்சம் வைக்க வேண்டும். "உங்க அன்டெனாவைத் திருப்பிக் கட்டினா எப்படி இருக்குன்னு நாளைக்குச் சொல்லுங்க", "பேத்திக்குப் பரீட்சை எப்போ?" போன்ற ஒன்று. என் லொக் புத்தகத்தில் நேரம், அலைவரிசை, ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி கீறி வைத்திருக்கிறேன். பேசியவர் சொன்ன ஒரு விஷயத்தை அதில் எழுதுவேன். அடுத்த முறை அதிலிருந்துதான் தொடங்குவேன். மூன்று மாதம் இப்படிச் செய்து பாருங்கள், உங்களைத் தேடி ஆள் வரும்.

எஃப்.டி.8 பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2017இல் வந்த கணினி முறை, 15 வினாடிக்கு ஒரு தகவல். காதுக்கே எட்டாத மெல்லிய சிக்னலிலும் தொடர்பு கிடைக்கும். வயர் எங்கெல்லாம் எட்டுகிறது என்று பார்க்க நான் அதைப் போடுகிறேன், நல்ல கருவி. ஆனால் அதில் பேச்சு கிடையாது. நீங்கள் தேடுவது பேச்சு என்பதால் அதிலேயே தங்கிவிடாதீர்கள்.

அந்தச் சின்னச் செட்டையும் சும்மா விடாதீர்கள். சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹேர்ட்ஸில் பேசும். தலைக்கு மேலே போகும்போது அதிகம் போனால் பத்து நிமிடம் கேட்கலாம். எப்போதும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள், நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஒரு மாலை தோட்டத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரோடு முகட்டில் நின்று ஒரு குரலைப் பிடித்தோம். அவர்களில் ஒருத்தி இப்போது லைசன்ஸ் பரீட்சைக்குப் படிக்கிறாள். சந்தேகம் கேட்க அவள் என் வீட்டுக்கு வரும் நாட்களில் எனக்கு ஆர்வம் குறைய நேரமே இல்லை.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடி நம் பக்கம் கடுமையாக இருக்கும். 40 மீற்றரில் படபடவென்று இரைச்சல் ஏறினாலே அன்டெனா வயரைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். மேகம் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதை மனதில் வைத்தே நான் ஆறரை மணியைத் தவறவிடுவதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் நாட்டு அமெச்சூர்கள் அம்பாந்தோட்டையையும் கொழும்பையும் சிற்றலையில் (ஷோர்ட் வேவ்) இணைத்துச் செய்தி அனுப்பினார்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அது எங்களுக்குக் கூப்பிடு தூரம். அடைமழைக் காலத்தில் கரண்டும் போன் சிக்னலும் ஒன்றாகப் போகிற இடம் நம் மலைநாடு. அப்படி ஒரு இரவில் மைக்கை எடுக்கும்போது, மறுபக்கம் இருப்பவர் குரலை வைத்தே யாரென்று அறிந்தவராக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பேத்தியின் பரீட்சையையும் பீலித் தண்ணீரையும் பேசித்தான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை வயரைக் கட்டிவிடுங்கள். திங்கள் ஆறரைக்குக் கேட்கத் தொடங்குங்கள். நுவரெலியாவில் இருந்து புதிதாக ஒருவர் வரப்போகிறார் என்று கோத்தகிரிப் பெரியவரிடம் இன்று காலையே சொல்லிவிட்டேன். கிரகரி வாவியில் இப்போது பனி எத்தனை மணிக்கு விலகுகிறது என்று கேட்கச் சொன்னார்.