டாம் ராபின்சன் குற்றமற்றவன் என்று தெரிந்தும் ஜூரி ஏன் தண்டித்தது?

ஹார்ப்பர் லீ எழுதி 1960ல் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில், மயெல்லா என்ற வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகக் கறுப்பினத்தவனான டாம்மேல் வழக்கு. சாட்சியம் தெளிவாகவே இருக்கிறது. மயெல்லாவின் முகத்தில் வலப்பக்கம் காயம். அடித்தவன் பெரும்பாலும் இடக்கைக்காரன். டாமின் இடக்கை சிறுவயதிலேயே பருத்தி இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. அவளுடைய அப்பா பாப் யூவெல்லோ இடக்கையால் எழுதுகிறான்.

சரி, பிறகு ஏன்? டாமை விடுவித்தால், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணே கறுப்பின ஆணை நாடினாள், அப்புறம் பொய் சொன்னாள் என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும். 1930களின் அலபாமாவில் முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரிக்கு அந்தத் துணிவு இல்லை. அவள்மேல் பரிதாபப்பட்டதாக டாம் சொல்லும் இடத்தைக் கவனியுங்கள். கறுப்பன் ஒரு வெள்ளைக்காரிக்காக இரங்குவதா என்பதே அந்த மன்றத்துக்குப் பொறுக்கவில்லை. அவன் கதை அங்கேயே முடிந்துவிட்டது என்பேன்.

இது வெறும் கற்பனையும் அல்ல. 1931ல் அதே அலபாமாவில், ஸ்காட்ஸ்பரோ வழக்கில், ஒன்பது கறுப்பின இளைஞர்கள்மேல் பொய்யான பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டது. எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஜூரியில் கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு ஒதுக்கியது தவறு என்று 1935ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

நாவலில் இதையெல்லாம் டாமுக்காக வாதாடும் வக்கீலின் மகளான சிறுமி ஸ்கவுட் சொல்வதால்தான் நமக்கு அதிகம் வலிக்கிறது. ஜெயிப்போம் என்று நம்பியிருந்த அண்ணன் ஜெம் தீர்ப்புக்குப் பின் அழுகிறான். பெரியவர்களுக்குப் பழகிப்போன அநீதி அவனுக்குப் புதிது. ஆனால் இந்தப் பார்வைக்கு ஒரு விலையும் உண்டு: டாமின் மனைவி ஹெலன் பட்ட பாட்டை நாம் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம்.