வாசகர் கேள்வி – நாவலாசிரியர் பதில்: தராசடியில் தொடங்கும் காதல்

கேள்வி: காதல் நாவலொன்றில் அறுபது பக்கங்களை முடித்துவிட்டேன். இருவரும் தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்ததுண்டா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: என் முதல் இரண்டு கையெழுத்துப் பிரதிகளும் இதே இடத்தில்தான் நின்றுபோயின. சொல்லிவிட்டால் கதை முடிந்தது. ஆகவே அவர்களைச் சொல்லவிடாமல் வைத்திருப்பது எது என்று தேடத் தொடங்கினேன். தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு காம்பிராவில் (அறையில்) இருமினால் அடுத்த காம்பிராவில் கேட்கும். தனித்து நிற்க ஓரிடம் வாய்க்காதவர்கள் எதைக்கொண்டு பேசுவார்கள்?

என் நாவலொன்றின் நாயகன், பெண்கள் பறித்துவரும் தேயிலைக் கொழுந்தை நிறுப்பவன். மழை நாளில் ஈரத்துக்கென்று எல்லோருக்கும் இரண்டு கிலோ கழிப்பவன், அவளுக்கு மட்டும் கழிக்காமல் எழுதிவிடுகிறான். அதைக் கண்டு அவள் உள்ளூர மகிழ்ந்தாள் என்றே முதலில் எழுதியிருந்தேன். வாசித்துப் பார்த்தால் ஒட்டவில்லை. நனைந்த படங்குத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு தராசின் முள்ளையே பார்த்து நிற்கும் என் அம்மாவின் முகம் பல நாட்களுக்குப் பிறகு நினைவில் எழுந்தபோதுதான், அந்தப் பெண் அடுத்து என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரிந்தது. பின்னால் நின்ற அக்காவுக்கு அந்த இரண்டு கிலோவால் அன்றைய நாள் அரைப்பேராகி, பாதிச் சம்பளமாகிப் போனதை அவள் பார்த்துவிடுகிறாள். “எனக்கும் கழிச்சே எழுதுங்க” என்கிறாள். அவர்களுக்கிடையில் நடந்த முதல் உரையாடல் அதுதான். அவளுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் அவன் யாருக்குமே அநியாயமாகக் கழிக்கக்கூடாது. அப்படியானால் மேலே இருப்பவர்களைப் பகைக்க வேண்டும். மீதி இருநூறு பக்கங்களும் அதிலிருந்து வந்தவை. உங்கள் நாயகி எதைக் கண்டு வாய் திறப்பாள் என்று பாருங்கள். விருப்பத்தைச் சொல்லும் காட்சியைத் தூக்கிக் கடைசிப் பக்கங்களுக்குக் கொண்டுபோய் வையுங்கள்.

கேள்வி: தினமும் எழுதுவீர்களா? கணினியிலா, கையாலா?
– வாசகர், பதுளை

பதில்: விடியற்காலை ஐந்து மணிக்கு, சி.ஆர். கொப்பி என்னும் தடித்த குறிப்பேட்டில், கையால். இரண்டு பக்கம் போதும்.

கேள்வி: என் கதையில் ஜூலை மாத அடைமழையில் பண்டாரவளை நிலையத்தில் காதலர்கள் சந்திக்கிறார்கள். இதில் பிழை உண்டென்று நண்பர் சொல்கிறார்.
– வாசகர், ஹட்டன்

பதில்: நண்பர் சொல்வது சரி. ஜூலையில் உங்கள் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மலையின் மேற்குச் சரிவிலேயே பெரும்பகுதியைப் பொழிந்துவிட்டு வரும் காற்று, பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கத்தில் வறண்டு வீசும். ஊவாத் தேயிலைக்கு மணம் கூடுவதும் அந்தக் காற்றில்தான். மழை வேண்டாம், அவளுடைய முந்தானையையும் அவன் நீட்டும் கடிதத்தையும் பறிக்கப் பார்க்கும் அந்தக் காற்றையே எழுதுங்கள், காட்சி இன்னும் உயிர்பெறும்.

கேள்வி: காதல் நாவலின் முடிவில் இருவரும் சேர்ந்தே ஆகவேண்டுமா?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: மாசியில், மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று மறு கட்சியும் லாவணி என்னும் போட்டிப் பாட்டில் வாதாடுவது நம் மரபு. சிவனின் நெற்றிக்கண்ணில் எரிந்தவன் ரதியின் கண்களுக்கு மட்டும் தெரியும்படி மீண்டு வருகிறான். சேர்ந்தார்களா, பிரிந்தார்களா என்று அறுதியிட முடியாத அந்த முடிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆயினும் நம் மண்ணில் சில பிரிவுகள் விதியால் வந்தவையல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தபோது, ஒரே லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் இரண்டு கணக்குகளில் விழுந்தார்கள். இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலின் நாயகி, தலைமன்னாரில் கப்பலேறிய ஒருத்தி. அவளையும் இங்கே நின்றுவிட்ட அவள் காதலனையும் சேர்த்துவைக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவனிடம் அவளுடைய முகவரி இல்லை. கொழுந்துக் கூடைக்குள் அவள் விட்டுச்சென்ற தலைத்துணி மட்டுமே இருக்கிறது. கடைசி அத்தியாயத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நாளை காலையும் அதைத்தான் எழுதப்போகிறேன்.