கெய்ர்ன் சண்டை விதிகள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து வீடுகளில் சாயங்காலம் ஆள் இருக்கும். அப்படிக் கூடி உட்கார்பவர்களில் சிலர் கெய்ர்ன் ஆடுகிறார்கள். 2020இல் வந்த சிறிய கற்பனை உலக ஆர்பிஜி அது, அதாவது பாத்திரமேற்றுப் பேசிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. இலவசமாகக் கிடைக்கும், விதிகள் மெல்லிய நோட்டு ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஒருவர் ஜிஎம்மாக இருந்து கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். பாத்திரத்துக்கு மூன்றே குணங்கள்: பலம், லாவகம், மனத்திடம். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆறு முகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். அடியிலிருந்து காக்கும் புள்ளிகளான ஹெச்பிக்கு ஒரே ஒரு ஆறு முகப் பகடை. ஆபத்து வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம். உரிய குணத்தின் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ விழுந்தால் தப்பித்தோம். இதுதான் சேவ்.

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சண்டையைப் பற்றியவை. விதியில் உள்ளதை விதி என்றும், என் மேசையில் நான் சொல்லும் தீர்ப்பைத் தீர்ப்பு என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: அக்கா, நாங்க முன்னாடி ஆடினது டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்). அதுல அடி படுதா இல்லையான்னு முதல்ல உருட்டுவோம். இதுல அந்த உருட்டலே காணோம். வாளை வீசினாலே பட்டுருமா? அப்போ சண்டை தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் என்ன வித்தியாசம்?

வீசினால் பட்டதுதான் தம்பி. நேராக ஆயுதத்தின் பகடையை உருட்டுங்கள். குறுவாளுக்கு ஆறு முகம், வாளுக்கும் ஈட்டிக்கும் எட்டு, இரண்டு கையால் பிடிக்கும் பெரிய ஆயுதங்களுக்குப் பத்து. விழுந்த எண்ணில் எதிராளியின் கவச எண்ணைக் கழித்தால் மிச்சம் அவன் ஹெச்பியில் குறையும்.

ஹெச்பியை ரத்தம் என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பம். இங்கே ஹெச்பி என்றால் அடியிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் திறன். குனிந்து விலகுவது, கடைசி நொடியில் வாளைத் தட்டிவிடுவது, அதில் மூச்சு முட்டிப் போவது எல்லாம் அதில் சேர்ந்தவை. ஹெச்பி இருக்கும்வரை உடம்பில் பெரிய காயம் இல்லை. அது தீர்ந்த பிறகு மிஞ்சுகிற அடிதான் பலத்தில் இறங்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். உங்கள் ஆளுக்கு ஹெச்பி 4, பலம் 11, கவசம் 1. கொள்ளைக்காரனின் வாள் 8 போட்டுவிட்டது. கவசம் போக 7. நாலு ஹெச்பியும் போய் 3 மிச்சம் நிற்கிறது. பலம் 11 இப்போது 8. உடனே ஒரு பலச் சேவ். குறைந்த பிறகு உள்ள 8க்குத்தான் உருட்ட வேண்டும், பழைய 11க்கு உருட்டக் கூடாது. தவறினால் கிரிட்டிக்கல். தரையில் ஊர்வதைத் தவிர எதுவும் முடியாது, யாரும் வந்து பார்க்காவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் உயிர் போகும். ஒரே ஒரு வீச்சில் இத்தனையும் நடக்கும்.

வித்தியாசம் எங்கே என்று கேட்டீர்கள். அடி நிச்சயம் என்று தெரிந்த ஆட்டத்தில், எங்கே நிற்பது, யாரை முதலில் மடக்குவது, இந்தச் சண்டை நமக்கு வேண்டுமா என்று யோசிப்பவர்தான் சண்டை தெரிந்தவர். அந்த யோசனைக்கு வேண்டிய தகவலை ஜிஎம் முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். இனி வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு பூதத்தை அடிச்சோம். நாலு பகடையையும் கூட்டினா 21 வந்துச்சு. ஜிஎம் 8 மட்டும்தான்னு சொல்லிட்டாரு. எங்களுக்கு அநியாயமாப் படுது.

உங்கள் ஜிஎம் சொன்னதுதான் விதி. ஒரே இலக்கைப் பலர் தாக்கினால் எல்லாரும் உருட்டி, அதில் பெரிய எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு ஆள் நிற்கிற வாசற்படியில் நாலு பேர் ஒன்றாக நுழைய முடியாததைப் போலத்தான் இது.

எண்ணாகப் பாருங்கள். எட்டு முகப் பகடை ஒன்று சராசரியாக 4.5 தரும். இரண்டு உருட்டிப் பெரியதை எடுத்தால் சுமார் 5.8, மூன்றுக்கு 6.5, நாலுக்கு 6.9. இரண்டாவது ஆள் வந்ததில் நல்ல லாபம், நாலாவது ஆள் வந்ததில் அரைப் புள்ளிகூட இல்லை. அந்த நாலாவது ஆள் பூதத்தின் காலில் கயிறு சுற்றலாம், கதவை அடைக்கலாம், விளக்கை அணைக்கலாம். விதி உங்களை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது. பூதங்கள் மூன்று வந்து உங்களில் ஒருவரைச் சூழ்ந்தாலும் இதே விதிதான். அன்றைக்கு இது உங்கள் உயிரைக் காப்பாற்றும்.

ஒன்றைக் கவனியுங்கள்: யார் என்ன செய்யப் போகிறார் என்று எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் பகடை. ஒருவர் உருட்டியதைப் பார்த்து இன்னொருவர் மனசை மாற்றக் கூடாது.

தேவிபட்டினம்: யார் முதல்ல அடிக்கிறதுன்னு ஒவ்வொரு ரவுண்டும் உருட்டணுமா?

வேண்டாம். முதல் ரவுண்டில் மட்டும் ஒவ்வொருவரும் லாவகச் சேவ் போடுங்கள். தேறியவர் செயல்படலாம், தவறியவருக்கு அந்த ரவுண்டு போச்சு. அப்புறம் எதிரிகளின் முறை. இரண்டாம் ரவுண்டிலிருந்து நீங்கள், அவர்கள், நீங்கள், அவர்கள் என்று போகும். நீங்கள் பதுங்கியிருந்து பாய்ந்தால் அந்தச் சேவே தேவையில்லை.

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர், கடல் தொழில் செய்பவர்: என் ஆளு மீனவன். கையில வீச்சுவலை வச்சிருக்கான். எதிரி மேல வலையை வீசினா என்ன உருட்டணும்? புத்தகத்துல வலைக்கு எண்ணே போடல.

எண் இல்லாததுதான் இந்த ஆட்டத்தின் அருமை அண்ணே. விதி சொல்வது ஒன்றே ஒன்று: யாருக்கு ஆபத்தோ அவர் சேவ் போட வேண்டும். வலை வீசுபவருக்கு ஆபத்து இல்லை, வலைக்குள் விழப்போகிறவனுக்குத்தான் ஆபத்து. ஆகவே எதிரிக்கு லாவகச் சேவ்.

மிச்சம் என் தீர்ப்பு. வலை எப்படி வீச வேண்டும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோளில் ஒரு மடிப்பு, கையில் ஒரு மடிப்பு, இடுப்பைத் திருப்பி விட்டால் ஓரத்து ஈயக்குண்டுகள் வட்டமாக விரிந்து விழும். அதற்கு இடம் வேண்டும். திறந்த மணலில் வீசினால் எதிரிக்குச் சேவ். குறுகலான குகையில் வீசினால் வலை விரியவே விரியாது. அதை நீங்கள் வீசுவதற்கு முன்பே நான் சொல்லிவிடுவேன். எதிரி சிக்கினால் அவனைத் தாக்குபவர்கள் தங்கள் பகடையை விட்டுவிட்டுப் பன்னிரண்டு முகப் பகடையை உருட்டலாம். நிலைமை முழுக்கச் சாதகமாக இருக்கும்போது பன்னிரண்டு, பாதகமாக இருக்கும்போது நாலு என்பது விதியிலேயே உள்ளது. சிக்கியவன் வலைக்குள் இருந்தபடியே அடிப்பதென்றால் அவனுக்கு நாலு முகம்தான். வலையை அறுத்து வெளியே வர அவனுக்கு ஒரு முறை முழுசாகப் போகும். அறுந்த வலை அறுந்ததுதான், ஊருக்குத் திரும்பிப் பழுது பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் மணல் எறிவது, நங்கூரக் கயிற்றை வெட்டுவது, பாய்மரத்தை ஆள் மேல் விழ விடுவது எல்லாவற்றுக்கும் இதே வழிதான். ஆபத்து யாருக்கு, தவறினால் என்ன ஆகும் என்ற இரண்டையும் சொல்லிவிட்டுப் பகடையைக் கொடுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு தம்பி: சேதுச் சீமையில ஆடிட்டு வளரி இல்லாம எப்படிக்கா? அதுக்கு எத்தனை முகம் வைக்கலாம்?

வளைந்த எறி ஆயுதமான வளரி இல்லாமல் நம் ஊர்க் கதையே இல்லை. சின்ன மருது தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்ததை, பின்னால் மருது சகோதரர்களையே எதிர்த்துப் போரிட நேர்ந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட ஆயுதத்துக்குக் கவண்கல்லின் நாலு முகம் குறைவு. வில்லுக்கு உள்ள ஆறு முகத்தைக் கொடுங்கள். பையில் ஒரு இடம் பிடிக்கும். எறிந்தது கைக்குத் திரும்பி வராது, சண்டை முடிந்து தேடி எடுக்க வேண்டும். ஓடுகிற ஆளின் காலுக்கு எறிவதாக முதலிலேயே சொன்னால், அடிக்குப் பதிலாக எதிரி லாவகச் சேவ் போடட்டும், தவறினால் விழுந்தான். அடி வேண்டுமா, ஆளை வீழ்த்த வேண்டுமா, ஏதாவது ஒன்றுதான்.

ஏர்வாடி: ஹெச்பி சரியா பூஜ்யம் ஆனா ஆளு செத்துட்டானா?

சாகவில்லை. ஹெச்பி மிச்சமில்லாமல் சரியாகப் பூஜ்யத்தில் நின்றால் தழும்புப் பட்டியலைப் பாருங்கள். அந்த அடியில் எத்தனை போனதோ அந்த எண்ணுக்கு எதிரே உள்ளதுதான் பலன். 4 போயிருந்தால் எலும்பு முறிவு, 8 போயிருந்தால் காது கேட்காது. குணமான பிறகு பகடை உருட்டி ஹெச்பியின் உச்ச அளவு கூடவும் வழி உண்டு. இந்த ஆட்டத்தில் லெவல் கிடையாது. பிழைத்து வந்தவரின் உடம்பில்தான் வளர்ச்சி தெரியும். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த பகுதி இது.

மண்டபம்: ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டு உட்கார்ந்தா முழு ஹெச்பியும் வந்துரும்னு இருக்கு. இது ரொம்ப லேசா இல்லையா?

ஹெச்பி காயமில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால்தான் இப்படி. மூச்சு வாங்கினால் திரும்பி வரும். பலம் குறைந்திருந்தால் அது தண்ணீருக்கு வராது. வைத்தியம் தெரிந்தவர் துணையோடு ஒரு வார ஓய்வு வேண்டும்.

லேசு என்று தோன்றுவது தண்ணீரைக் கணக்கில் எடுக்காததால். தாகத்தோடும் பசியோடும் கிடப்பவருக்கு ஹெச்பி திரும்பாது. உங்கள் கதையை ஒரு மணல் தீவில் வைத்துப் பாருங்கள். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பார்கள். அந்த ஊற்று இருக்கும் இடம் ஒருவனுக்கு மட்டும் தெரியும், அவன் எதிரியின் ஆள் என்று வையுங்கள். ஒரு குடம் தண்ணீருக்காக ராத்திரி முழுக்க ஆடுவார்கள். தண்ணீர் குடித்து உட்காரும் நேரத்தில் எதிரிகள் நெருங்கி வரவும் செய்யலாம்.

தொண்டி: இருபது கொள்ளைக்காரங்க ஒரே நேரத்துல வந்தா இருபது பகடை உருட்டணுமா?

கூட்டத்தை ஒரே ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். தனி ஆள் கூட்டத்தை அடித்தால் நாலு முகம். கூட்டம் தனி ஆளை அடித்தால் பன்னிரண்டு முகம், அதுவும் எதிரே நிற்கும் எல்லார் மேலும் விழும். ஆளுக்கொரு தடவை உருட்ட வேண்டும். வெடிமருந்து போல பலரைத் தாக்கும் ஆயுதம் இருந்தால் மட்டும் கூட்டத்துக்கு எதிராக அதன் பகடை குறையாது. இருபது பேரை எதிர்த்து நிற்காதீர்கள்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு ஆசிரியர்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடத்துகிறேன். எல்லாச் சண்டையும் கடைசி ஆள் சாகும்வரை போகிறது. ஓடுவது கோழைத்தனம் என்று நினைக்கிறார்கள். என்ன செய்யலாம்?

முதலில் எதிரிகளை ஓட விடுங்கள் சார். எதிரிக் கூட்டத்தில் முதல் ஆள் விழுந்தவுடன் ஒரு மனத்திடச் சேவ், பாதிப் பேர் போனதும் இன்னொன்று. தவறினால் ஓடுவார்கள். தனியாக வந்த எதிரி என்றால் ஹெச்பி தீர்ந்ததும் சேவ். இந்த விதியைப் பல ஜிஎம்கள் மறந்துவிடுகிறார்கள், அதனால்தான் எல்லாச் சண்டையும் கடைசி ஆள்வரை நீள்கிறது. உயிரோடு ஓடிய கொள்ளைக்காரன் அடுத்த வாரம் பெரிய கூட்டத்தோடு வரலாம், பிடிபட்டால் ரகசியம் சொல்லலாம். பிணத்தால் கதைக்கு அவ்வளவு பயன் இல்லை.

பிள்ளைகளின் பாத்திரங்களுக்கு இந்தச் சேவ் கிடையாது. நிற்பதும் ஓடுவதும் அவர்கள் முடிவு. ஓடுவதற்கு லாவகச் சேவ் ஒன்றும், ஓடிச் சேர ஒரு பத்திரமான இடமும் வேண்டும். அந்த இடத்தைச் சண்டை தொடங்கும் முன்பே வர்ணனையில் வைத்துவிடுங்கள்: பனங்கூட்டம், கரையில் கிடக்கும் வல்லம், பாதி இடிந்த சத்திரம். கண்ணில் பட்டால்தான் ஓடத் தோன்றும்.

பாம்பனிலிருந்து இன்னொருவர், முதல் முறை ஜிஎம்: என் தங்கச்சியோட பாத்திரம் செத்துருச்சு அக்கா. பகடையைக் கொஞ்சம் மறைச்சு வேற எண் சொல்லியிருக்கலாமோன்னு ராத்திரி தூக்கமே வரல.

மறைக்காதது நல்லது. எல்லாரும் பார்க்க உருட்டுங்கள். ஒரு தடவை எண்ணை மாற்றிச் சொன்னது தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர்கள் ஜெயிக்கும் எந்தச் சண்டையும் அவர்கள் ஜெயித்ததாக இருக்காது.

நீங்கள் யோசிக்க வேண்டியது உருட்டுவதற்கு முந்தைய நிமிடத்தை. “அந்தப் பூதத்தின் கையில் உள்ள உலக்கை பத்து முகம், உனக்குக் கவசம் இல்லை, ஹெச்பி 3. நேரே போனால் ஒரே அடியில் விழ வாய்ப்பு உண்டு. போகிறாயா?” என்று தங்கச்சியிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால், தெரிந்தே போனவளின் சாவு அது, அவள் அதை மரியாதையோடு நினைத்துப் பார்ப்பாள். கேட்கவில்லை என்றால் அடுத்த முறை கேளுங்கள். ஒளித்து வைத்த ஆபத்தால் யாரும் சாகக் கூடாது என்பது என் மேசையில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று.

செத்தவுடன் அவளை வேடிக்கை பார்க்க உட்கார வைக்காதீர்கள். மூன்று பகடையைக் கையில் கொடுத்து அப்போதே புதுப் பாத்திரம் போடச் சொல்லுங்கள், சில நிமிட வேலைதான். குழு அடுத்துத் திறக்கும் அறையில் கட்டிப்போட்டுக் கிடக்கும் கைதியாக அவள் உள்ளே வந்துவிடலாம்.