ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஏன் பேரம் பேசுகிறீர்கள்?

கேள்வி: திருச்சியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். 2026 ஜூனில் ஒரே வாரத்தில் எல்லாம் சேர்ந்து வருகிறது. புதன்கிழமை தங்கைக்கு வளைகாப்பு. வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் மாமனார், மாமியாருக்கு சஷ்டியப்தபூர்த்தி. சனிக்கிழமை 20-ம் தேதி, 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். ஞாயிறு காலை தஞ்சாவூரில் ஒரு கூட்டு ஓவியக் கண்காட்சி திறப்பு. நான் வரைந்த தஞ்சாவூர் ஓவியங்கள் இரண்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒன்று சட்டம் போட்டுத் தயார். இன்னொன்றில் தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, ஒட்டியாயிற்று, வண்ணமும் முகமும் பாக்கி. "அடுத்த தடவை பாத்துக்கலாமே" என்கிறார் கணவர். தங்கியிருக்கும் உறவினர்களுக்கு ஞாயிறன்று யார் சமைப்பது என்பது மாமியாரின் கவலை. என்னை ஓவிய வகுப்பில் பணம் கட்டிச் சேர்த்துவிட்டது மாமனார்தான். அவரிடம் இன்னும் பேசவில்லை. கண்காட்சியை விட்டுவிடலாமா? போவதென்றால் படத்துக்கு விலை போடலாமா?

– திருச்சி வாசகி

பதில்: விடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கணக்கில் மூன்று தேதிகள் நகராதவை, நான்காவது மட்டும் நகரக்கூடியது. அப்படியா? உங்கள் மாமனார் 1966-ல், பராபவ வருஷம் ஆனி மாதம் பிறந்திருப்பார். 60 வருஷம் சுற்றி அதே பராபவம் இப்போது திரும்பியிருக்கிறது. அவருடைய நட்சத்திர நாளை யாராலும் தள்ளிப்போட முடியாது. 20-ம் தேதி அரசாங்கம் வைத்தது. வளைகாப்பு நாளைப் பெரியவர்கள் குறித்துவிட்டார்கள். கண்காட்சித் தேதியையும் நீங்கள் வைக்கவில்லை, வேறு யாரோதான் வைத்தார்கள். பிறகு ஏன் அதை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் கேள்வியாகக் கொண்டுபோகிறீர்கள்? வளைகாப்புக்குப் போகலாமா என்று யாரிடமாவது கேட்டீர்களா?

உண்மையில் இந்த வாரத்தில் ஓரளவு வளைந்து கொடுக்கக்கூடியது ஒன்றுதான், அது உங்கள் அலுவலக வேலை. கொள்முதலுக்குக் கட்டிய வரியைக் காட்டும் 2பி பட்டியல் 14-ம் தேதியே வந்துவிடுகிறது. 15-ம் தேதியிலிருந்து 3பி போடுவதற்குத் தடை ஒன்றும் இல்லை என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தடை உங்கள் வாடிக்கையாளர்கள். கடைசி நாள் வரை பணத்தைக் கையில் வைத்திருப்பார்கள், சலான் கட்ட மாட்டார்கள், 20-ம் தேதி சாயங்காலம் போர்ட்டல் திணறும்போது போன் செய்வார்கள். ஜூன் முதல் வாரமே எல்லோருக்கும் ஒரு வாட்ஸப் செய்தி அனுப்புங்கள்: "இந்த மாதம் 17-ம் தேதிக்குள் வரியைக் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு என் கையில் இல்லை." தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணமும், பாக்கி வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் உண்டு என்பதை ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த வரி வேலை செய்யும். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர்கள் உங்களை அந்த வாரம் அவசரப்படுத்த மாட்டார்கள். அப்படியும் இரண்டு மூன்று பேர் மிஞ்சத்தான் செய்வார்கள். அவர்களை அலுவலகத்தில் ஒருவரிடம் இப்போதே ஒப்படைத்துவிடுங்கள். அபிராமி சன்னதியில் நின்றுகொண்டு ஹார்டுவேர் கடைக்காரரிடம் ஓடிபி கேட்கும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

திருக்கடையூருக்கு வருவோம். அங்கே நாள்தோறும் எத்தனையோ தம்பதிகளுக்கு 60-ம் 80-ம் நடக்கின்றன. ஹோமம், கலசம், மாலை, மண்டபம், சாப்பாடு எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி முடிக்கலாம். பேச வேண்டியது யார்? உங்கள் கணவருடைய அப்பா, அம்மாவுக்கு நடக்கிற விசேஷம். அறை, வேன், சாஸ்திரிகள், பணம் நான்கும் கணவர் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் சாயங்காலமே பூஜை தொடங்குமானால் வியாழன் மதியம் கிளம்ப வேண்டியிருக்கும். அதையும் அவரே கேட்டுச் சொல்லட்டும். நீங்கள் செய்ய வேண்டியது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்று, கலசத் தண்ணீரை அவர்கள் தலையில் ஊற்றி, இரண்டாம் முறை தாலி கட்டுவதைக் கண்குளிரப் பார்ப்பது.

வளைகாப்புக்குக் கலந்த சாதம் ஐந்தையும் சமையல்காரரிடம் விடுங்கள். அக்கா கையால் வளையல் போட்டால் தங்கைக்குப் போதும், புளியோதரை யார் கிளறினார்கள் என்று அவள் பார்க்கப் போவதில்லை.

இப்போது படங்கள். இரண்டாவது படத்தைக் கொடுக்காதீர்கள். இதில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். புடைப்பும் ரேக்கும் முடிந்துவிட்டதால் பாதிக்கு மேல் தாண்டியாயிற்று என்று தோன்றும். ஆனால் தஞ்சாவூர் ஓவியத்தில் பார்க்கிறவர் கண் முதலில் போய் நிற்பது முகத்தில்தான். புருவமும் இமையும் இழுக்கிற அந்த மெல்லிய கோட்டை, நாள் முழுக்க இன்வாய்ஸ் பார்த்த கண்ணோடு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு இழுத்தால் கோடு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு படம்தான் என்று ஏற்பாட்டாளர்களுக்கு இந்த வாரமே சொல்லுங்கள், பட்டியல் அச்சடிப்பதற்கு முன்னால். தயாராக இருக்கும் படத்தை வியாழக்கிழமை வேனில் ஏற்றிக்கொண்டால், தஞ்சாவூர் வழியில்தானே, இறக்கிவிட்டுப் போய்விடலாம். கண்ணாடிச் சட்டம், நிமிர்த்தி வையுங்கள், மேலே சீர்த்தட்டு வைக்க விடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மாமனாரிடம் பேசுங்கள், இன்றைக்கே. அந்த வாரம் அவர் சொல்லுக்கு வீட்டில் மறுபேச்சு இருக்காது, அதுவும் விதை போட்டவர் அவர். அவரும் மாமியாரும் திறப்புக்கு வர வேண்டும் என்று கூப்பிடுங்கள், அனுமதி கேட்கிற குரலில் வேண்டாம். தங்கியிருக்கும் உறவினர்களையும் அதே வேனில் ஏற்றினால் பெரிய கோயிலும் பார்த்தாயிற்று, மதியச் சாப்பாடும் ஓட்டலில் முடிந்தது. காலைக்கு இட்லி, பொங்கல் முதல் நாளே சொல்லி வையுங்கள். மாமியார் கொஞ்சம் முணுமுணுக்கலாம். பரவாயில்லை, அவருக்கும் அன்று சமையல் கிடையாது.

விலை? கட்டாயம் போடுங்கள். "விற்பனைக்கு அல்ல" என்று எழுதினால் கூடவே பொழுதுபோக்கு என்றும் எழுதின மாதிரி ஆகிவிடும். பலகை, ரேக்கு, கற்கள், சட்டம் ஆகியவற்றின் செலவை முதலில் கூட்டுங்கள். செலவழித்த மணி நேரத்தை உங்கள் அலுவலகச் சம்பளத்தின் ஒரு மணி நேர மதிப்பால் பெருக்கி அதோடு சேருங்கள். விற்றால் ஏற்பாட்டாளர்களுக்குக் கமிஷன் உண்டா என்று கேட்டு அதையும் மேலே வையுங்கள். கணக்கு பார்க்கிறவர் நீங்கள், தொகை பெரிதாகத் தெரிகிறதே என்று கூச்சப்பட்டுக் குறைக்க வேண்டாம்.