'கார்பன் குறைந்த ஸ்டீல்' என்கிறார் சப்ளையர், கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: ஸ்டீல் ஃபிரேம் போட்டு, பேனல் சுவர் வைத்து இரண்டு மாடி வீடு கட்டப்போகிறோம். ஃபிரேமுக்கு 12 டன் ஸ்டீல் வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 'லோ கார்பன் ஸ்டீல்' என்று சொல்லி சப்ளையர் கூடுதல் விலை கேட்கிறார், ஒரு சான்றிதழும் காட்டுகிறார். வெளிச்சுவருக்கு மெக்னீசியம் போர்டு நல்லது, சிமென்ட் போர்டைவிட அதில் கார்பன் குறைவு என்கிறார். இரண்டையும் நம்பி வாங்கலாமா? எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும்?

பதில்: ஸ்டீலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அவர் காட்டும் சான்றிதழை மட்டும் நம்பிக் கொடுக்காதீர்கள். மெக்னீசியம் போர்டைப் பொறுத்தவரை, அது எந்த உப்பில் செய்தது என்பது எழுத்தில் வரும்வரை ஆர்டரே போட வேண்டாம்.

முதலில் ஸ்டீல். தாதுவில் இரும்பு ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரிக்க ஊதுலையில் கோக் கரியைப் போடுகிறார்கள். கரி ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவாக வெளியே போகிறது. இந்த வழியில் ஒரு டன் ஸ்டீலுக்குச் சுமார் 2.3 டன் வாயு வரும். பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் பிரிக்கும் வேலையே கிடையாது, உருக்கும் மின்சாரம்தான் செலவு. அங்கே டன்னுக்கு 0.7 டன்னை ஒட்டி வரும். மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். உங்கள் 12 டன்னுக்குப் பெருக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் 27 டன்னுக்கு மேல், இன்னொரு பக்கம் எட்டரை டன்னுக்குள். வித்தியாசம் உண்மையானது, பெரியது. அதனால்தான் அதன் பெயரில் பொய்யும் விற்கிறது.

கோக் கரிக்குப் பதில் ஹைட்ரஜனை வைத்துச் செய்யும் ஸ்டீலும் உண்டு. ஸ்வீடனில் ஹைபிரிட் (HYBRIT) என்ற திட்டத்தில் அப்படிச் செய்த முதல் சரக்கு 2021 ஆகஸ்டில் வோல்வோ நிறுவனத்துக்குப் போனது. ஆனால் வீடு கட்டுகிற ஒருவருக்கு உள்ளூர் வியாபாரி அதைத் தருகிறேன் என்றால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, எந்தக் காகிதம்? நீங்கள் கேட்க வேண்டியது இ.பி.டி., அதாவது சுற்றுச்சூழல் தயாரிப்பு அறிவிப்பு. ஐஎஸ்ஓ 14025, இஎன் 15804 என்ற தரங்களின்படி செய்து, மூன்றாம் ஆள் சரிபார்த்திருக்க வேண்டும். பத்திருபது பக்கம் இருக்கும். எல்லாம் படிக்க வேண்டாம். முதல் பக்கத்தில் ஆலையின் பெயரும் ஊரும், காலாவதித் தேதியும் இருக்கும். பிறகு அட்டவணையில் 'ஜிடபிள்யூபி மொத்தம்' (GWP, புவியைச் சூடாக்கும் அளவு) என்ற வரி, 'ஏ1–ஏ3' என்ற கட்டம். தாது தோண்டியதிலிருந்து ஆலை வாசல் தாண்டும்வரை வந்த கார்பன் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. அது ஒரு டன்னுக்கா, ஒரு கிலோவுக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே வரியின் கடைசியில் 'டி' என்று ஒரு கட்டம் வரும், பெரும்பாலும் மைனஸ் எண்ணோடு. கட்டடத்தை இடித்த பிறகு அந்த ஸ்டீலை மறுபடி உருக்கினால் உலகத்துக்குக் கிடைக்கக்கூடிய லாபம் அது. அதைத் தனியாகத்தான் காட்ட வேண்டும், மற்ற எண்களோடு கூட்டக் கூடாது என்பது விதி. ஆனால் விற்பனைத் தாளில் அதைக் கழித்துவிட்டுப் பாதி எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள். இன்று வாங்கும் வண்டியின் விலையில், இருபது வருடம் கழித்துப் பழைய இரும்புக்குப் போடும் காசை இப்போதே கழித்துச் சொல்வது போன்ற வேலை இது. விற்பனைத் தாளைக் கையில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, அட்டவணையைக் கேளுங்கள்.

அடுத்தது இடைத்தரகர் விஷயம். இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கிடங்கு வைத்திருக்கும் வியாபாரியிடம் மூன்று நான்கு ஆலைகளின் சரக்கு கலந்து கிடக்கும். அதில் ஒரு ஆலையிடம் நல்ல இ.பி.டி. இருக்கும். அதையே எல்லா பில்லோடும் பின் அடித்துக் கொடுத்துவிடுவார். காகிதம் அசல்தான், ஸ்டீல்தான் வேறு. இதற்கு மருந்து ஹீட் நம்பர். ஒரு முறை உலையிலிருந்து ஊற்றிய உருக்குக்கு ஒரு எண் உண்டு. ஆலை தன் சரக்குக்குத் தரும் சோதனைத் தாளான மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் அந்த எண் இருக்கும். பீமிலோ, பீம் கட்டின் மேல் தொங்கும் சீட்டிலோ அதே எண் இருக்க வேண்டும். லாரி வந்து நிற்கும்போதே ஒத்துப்பாருங்கள். வெட்டி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்த பிறகு கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

மில் சர்டிஃபிகேட்டில் கார்பன் உமிழ்வு பற்றி எதுவும் இருக்காது. அதில் 'சி' என்று போட்டிருக்கும் சதவீதம் ஸ்டீலுக்குள் கலந்திருக்கும் கரி. அதைக் காட்டி "பாருங்கள், லோ கார்பன்" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்! வெல்டுக்கு அது முக்கியம், காற்றுமண்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் சப்ளையர் காட்டிய சான்றிதழ் இதுதானா என்று முதலில் பாருங்கள்.

ஆனால் அதே தாளில் 'சியு' என்ற கட்டம் உங்களுக்கு உதவும். அது தாமிரம். பழைய இரும்பில் மோட்டாரும் ஒயரும் கலந்து வருகின்றன. உருகிய ஸ்டீலிலிருந்து தாமிரத்தைப் பிரித்தெடுக்க நடைமுறையில் வழி இல்லை. அதனால் ஸ்க்ராப்பில் செய்த பீமில் 0.2, 0.3 சதவீதம் இருப்பது சகஜம். ஊதுலை ஸ்டீலில் பெரும்பாலும் 0.05-க்குக் கீழேதான். "முழுக்க ஸ்க்ராப்" என்று விற்கும் பீமின் சர்டிஃபிகேட்டில் 0.02 என்று இருந்தால், கேள்வி கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. இது அறிகுறிதான், தீர்ப்பு அல்ல.

இன்னொன்று மாஸ் பேலன்ஸ் என்ற கணக்கு. ஓர் ஆலை தன் மொத்த உற்பத்தியில் கொஞ்சம் கார்பனைக் குறைக்கிறது. குறைத்தது முழுவதையும் ஒரு சிறு பங்கு ஸ்டீலின் பேரில் எழுதி, அந்தப் பங்கை மட்டும் 'கார்பன் குறைந்தது' என்று கூடுதல் விலைக்கு விற்கிறது. உங்கள் தளத்தில் இறங்குவது ஊதுலையில் வந்த அதே பீம்தான். மீதிச் சரக்கை வாங்குகிறவருக்கு அதன் கூடிய எண்ணை ஒழுங்காகச் சொன்னால் இந்தக் கணக்கு நேர்மையானதே. அவருக்கும் பழைய சராசரி எண்ணையே கொடுத்தால், ஒரே குறைப்பை இரண்டு பேருக்கு விற்றதாகிறது. இந்த வகைச் சான்றிதழுக்கு நான் கூடுதல் விலை கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் வீடு கட்டுகிற ஒருவர் தோண்டித் துருவ வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்குக் கோபம். 'பசுமை ஸ்டீல்' என்ற பெயருக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இன்றுவரை இல்லை. சர்வதேச எரிசக்தி முகமை 2022-இல் ஒரு வரம்பு சொன்னது. கிட்டத்தட்ட உமிழ்வே இல்லாத ஸ்டீல் என்றால், முழுக்கத் தாதுவில் செய்ததற்கு டன்னுக்கு 400 கிலோ, முழுக்க ஸ்க்ராப்பில் செய்ததற்கு 50 கிலோ. தாதுவில் செய்யும் ஆலைகளும் மாற வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள், அந்த நியாயம் புரிகிறது. ஆனால் வாங்குகிறவர் கைக்கு வரும்போது ஒரே பெயருக்குப் பின்னால் எட்டு மடங்கு வித்தியாசம் ஒளிந்துகொள்கிறது. அதற்குமேல், பல ஆலைகள் சேர்ந்த சங்கம் வெளியிடும் சராசரி இ.பி.டி.யும் செல்லும், தனி ஆலையின் இ.பி.டி.யும் செல்லும் என்று வைத்திருக்கிறார்கள். மோசமான ஆலை சராசரிக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும். அரிசி மூட்டைக்குக்கூட எடை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் இருக்கும்போது, பீமில் ஒரு எண்ணை அச்சடிக்க வைக்க இவ்வளவு வருடமா?

கூடுதல் விலை பற்றி முடிவு செய்யும் முன், உங்கள் இன்ஜினீயரிடம் ஒன்று கேளுங்கள்: இந்த 12 டன் கண்டிப்பாக வேண்டுமா? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனில் 23 ஸ்டீல் கட்டடங்களின் பீம்களை எடுத்துக் கணக்குப் பார்த்து 2014-இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு பீம் தன் தாங்கும் திறனில் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை. காரணம் பாதுகாப்பு அல்ல. பாதுகாப்புக்கான கூடுதல் ஏற்கெனவே விதிக்குள் இருக்கிறது. ஒரே அளவாக ஆர்டர் போட்டால் வேலை சுலபம், அதுதான் காரணம். உங்கள் ஃபிரேமில் 2 டன் குறைந்தால் ஊதுலைக் கணக்கில் நாலரை டன்னுக்கு மேல் மிச்சம், சான்றிதழ் எதுவும் தேவையில்லை, பணமும் மிச்சம். நீங்களாகக் குறைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். மறுபடி கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்குத் தனி ஃபீஸ் கேட்டாலும் கொடுங்கள்.

இப்போது சுவர். இரண்டு பக்கமும் தகடும் நடுவில் ஃபோமோ பாறைக் கம்பளியோ (ராக்வூல்) வைத்த சாண்ட்விச் பேனலும் உங்கள் பட்டியலில் இருந்தால், அந்தத் தகடு 12 டன்னில் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள். அரை மில்லிமீட்டர் தகடு இரண்டு பக்கம் என்றால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 8 கிலோ. 200 சதுர மீட்டர் சுவருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல். அதுவும் மெல்லிய தகடு. தாமிரம் கூடினால் சூடாக உருட்டும்போது மேல்பரப்பு வெடிக்கும் என்பதால் அது பெரும்பாலும் ஊதுலை வழியிலேயே வருகிறது. நடுவில் இருக்கும் பொருளைப் பற்றி மட்டும் பசுமை பேசிவிட்டுத் தகட்டைப் பற்றி வாய் திறக்காதவரிடம், முழு பேனலுக்கும் சேர்த்து, சதுர மீட்டர் கணக்கில் இ.பி.டி. கேளுங்கள். தீ வகுப்புக்கான சோதனை அறிக்கையைத் தனியாகக் கேளுங்கள். கார்பன் எண் தீயைப் பற்றி எதுவும் சொல்லாது. 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள். தீ ஏறிப் பரவ முக்கியக் காரணம் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த, பாலிஎத்திலீன் நிரப்பிய அலுமினியத் தகடுகள்.

மெக்னீசியம் போர்டுக்கு வருகிறேன். சிமென்டைவிடக் குறைந்த சூட்டில் சுடுகிறோம், அதனால் கார்பன் குறைவு என்பது விற்பனைப் பேச்சு. சூடு குறைவு என்பது சரி. ஆனால் மெக்னசைட் கல்லைச் சுட்டு ஒரு டன் மெக்னீசியம் ஆக்சைடு எடுத்தால், எரிபொருளை விட்டுவிட்டுக் கல்லிலிருந்து மட்டுமே 1.1 டன்னை ஒட்டிக் கரியமில வாயு வெளியேறும். சிமென்டாக அரைக்கும் சுட்ட கட்டியான கிளிங்கருக்கு இதே கணக்கில் சுமார் அரை டன்தான். ஆகவே சூட்டைச் சொல்பவரிடம் கல்லைப் பற்றியும் கேளுங்கள்.

கார்பனைவிடப் பெரிய கவலை உப்பு. இந்த போர்டுகளில் பெரும்பாலானவை மெக்னீசியம் ஆக்சைடை மெக்னீசியம் குளோரைடு கரைசலில் கலந்து செய்தவை. அந்தக் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டென்மார்க்கில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளிச்சுவருக்குள் காற்றுத்தடுப்பாக இதை ஏராளமான கட்டடங்களில் வைத்தார்கள். ஈரக்காற்றில் போர்டின் மேல் உப்புநீர் துளித்துளியாக வடிந்தது. ஸ்க்ரூக்கள் துருப்பிடித்தன, கீழே இருந்த மரம் கெட்டது, புதுக் கட்டடங்களின் சுவர்களைப் பிரித்து போர்டை மாற்ற வேண்டியதாயிற்று. உங்கள் வீட்டில் இந்த போர்டுக்குப் பின்னால் நிற்கப்போவது துத்தநாகம் பூசிய கால்வனைஸ் ஸ்டீல். இசட்275 என்று விற்கும் தகட்டில்கூட ஒரு பக்கத்துக்குத் துத்தநாகம் சுமார் 20 மைக்ரான்தான். குளோரைடு நீர் அதைத் தின்ன அதிக காலம் ஆகாது. சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டினால், ஸ்டீலில் மிச்சம் பிடித்த கார்பன் அதிலேயே போய்விடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "நாங்கள் விற்பது அது இல்லை சார்" என்று உடனே பதில் வரும். குளோரைடுக்குப் பதில் மெக்னீசியம் சல்ஃபேட்டில் செய்யும் போர்டும் இருக்கிறது. அது இப்படி வடியாது, ஸ்டீலை அரிக்கும் ஆபத்தும் மிகக் குறைவு. பிரச்சினை என்னவென்றால், பார்வைக்கு இரண்டும் ஒன்று. நிறம், எடை, தட்டினால் வரும் சத்தம், எதிலும் வித்தியாசம் தெரியாது. பெயரும் பெரும்பாலும் 'எம்ஜிஓ (மெக்னீசியம் ஆக்சைடு) போர்டு' என்றுதான் இருக்கும். 'சல்ஃபேட்' என்று பில்லில் எழுதினால் மட்டும் போதாது. கரையும் குளோரைடு எவ்வளவு சதவீதம் என்று ஒரு பரிசோதனைக்கூடம் கொடுத்த அறிக்கை வேண்டும். அதில் உங்களுக்கு வரும் சரக்கின் தொகுதி எண் இருக்க வேண்டும். போன வருடச் சரக்கின் அறிக்கை செல்லாது. முடிந்தால் தளத்துக்கு வந்த போர்டிலிருந்து நீங்களே ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்புங்கள். சாதாரண வேதியியல் பரிசோதனைக்கூடமே செய்துவிடும், மொத்தச் சுவரின் செலவோடு பார்த்தால் அது ஒரு பொருட்டே இல்லை. 'குளோரைடு ஃப்ரீ' என்று போர்டின் முதுகில் அச்சடித்திருப்பது அறிக்கை ஆகாது.

உங்களுக்கு போர்டு ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தால், மழை படாமல் தரையிலிருந்து தூக்கி அடுக்கி மூடிவையுங்கள். சோதனை முடிவு வரும்வரை ஃபிரேமில் ஒன்றுகூட ஏற்ற வேண்டாம், கான்ட்ராக்டர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். குளோரைடு வகை என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிட்டு, இ.பி.டி. உள்ள ஃபைபர் சிமென்ட் போர்டை வாங்குங்கள். உள்சுவருக்காவது பயன்படுத்திக்கொள்ளலாமே என்று பேரம் பேசுவார். குளியலறையும் சமையலறையும் உள்சுவர்தான் என்று சொல்லிவிடுங்கள்.