இத்தாலியக் கால்பந்து வீரர் வாலண்டினோ மஸ்ஸோலா அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்றால், ஏன் ஒரு உலகக் கோப்பையில்கூட ஆடவில்லை?

காலம்தான் காரணம். 1919-இல் பிறந்தவர் அவர். ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது போர். 1942, 1946 இரண்டு உலகக் கோப்பைகளும் நடக்கவே இல்லை. 1950-இல் நடந்தபோது அவர் உயிரோடு இல்லை. இத்தாலிக்காக அவர் ஆடியது மொத்தம் 12 ஆட்டங்கள், 4 கோல்.

அதை வைத்து மட்டும் அவரை எடைபோட்டால் ஏமாந்துபோவோம். வெனிஸ் அணிக்கு 1941-இல் இத்தாலியக் கோப்பையை வென்று கொடுத்துவிட்டு, மறுவருடம் டூரின் நகர அணியான டொரினோவுக்குப் போனார். அங்கே ஐந்து லீக் பட்டங்கள். 1946-47 பருவத்தில் 29 கோல் அடித்து லீக்கில் முதலிடம். கோல் அடிப்பார், பந்தைப் பறிப்பார், அப்புறம் பின்னால் ஓடிவந்து தடுக்கவும் செய்வார்.

டொரினோவின் பிலடெல்பியா மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அணி மந்தமாக ஆடினால், ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு ரசிகர் எக்காளம் ஊதுவார். உடனே கேப்டன் மஸ்ஸோலா சட்டைக் கையைச் சுருட்டிவிடுவார். அடுத்த கால் மணி நேரம் எதிரணி பாடு திண்டாட்டம்தான்!

1947 மே மாதம் ஹங்கேரியோடு ஆடிய இத்தாலி அணியில் பதினொருவரில் பத்துப் பேர் டொரினோக்காரர்கள். 1949 மே 4 அன்று, லிஸ்பனில் நட்பு ஆட்டம் முடித்துத் திரும்பிய டொரினோ அணியின் விமானம் டூரினுக்கு அருகே உள்ள சூப்பர்கா குன்றில் மோதியது. இறந்த 31 பேரில் மஸ்ஸோலாவும் ஒருவர்.

மகன் சாண்ட்ரோ பிற்காலத்தில் இன்டர் மிலானுக்கு ஆடினார். உலகக் கோப்பையும் ஆடினார், 1970 இறுதி ஆட்டம் உட்பட.